இணையத்திற்கும் அரண் வேண்டும்

அரண் என்பது பகைவர் வந்த பின்னர்க் கட்டத் தொடங்குவதன்று. வருமுன்னரே கட்டி முடிப்பது. அரசனுக்குரிய ஆறு அங்கங்களுள் ஒன்றாக அரணைப் போற்றிய திருவள்ளுவர், அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்து, நீரும் நிலமும் மலையும் காடும் என்னும் நான்கும் உடையதே அரண் என்று அதன் இலக்கணத்தைக் கூறியுள்ளார். இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அகழிகளை வெட்டுக என்று அவர் கூறவில்லை. நீரைக் கடக்கும் படகு மலையில் ஏறாது. மலையில் ஏறப் பழகிய கால் அடர்ந்த காட்டில் வழியறியாது. ஒன்றை வென்ற படை மற்றொன்றையும் அதே கருவியால் வெல்ல இயலாதவாறு, தம்முள் வேறுபட்ட காவல்களை அமைப்பதிலேயே அரணின் வலிமை இருக்கிறது. இந்நுட்பத்தை இன்றைய சிற்றலுவலகங்களின் இணைய இணைப்புக்குப் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறைமலைநகரும் இணையமும்

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளாரின் பெயரைத் தாங்கும் மறைமலைநகர், சென்னையின் நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டுத் திட்டமிட்டு உருவாக்கப்பெற்ற புதுநகரமாகும். இவ்வூர் மக்களுக்கு 'ஜி.எஸ்.டி.' என்றால் நெடுங்காலமாக நினைவுக்கு வந்தது வாசலருகே ஓடும் பெருந்தெற்கு நெடுஞ்சாலைதான். 2017 ஜூலை 1 முதல் அதே மூன்றெழுத்து, சரக்கு மற்றும் சேவை வரியையும் குறிக்கலாயிற்று. சாலை அடைபட்டால் ஊர் நின்றுவிடும் என்பது எல்லாரும் அறிந்ததே. இணையம் அடைபட்டாலும் ஊர் நின்றுவிடும் என்பதைத்தான் நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை.

உதிரிபாகம் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க வேண்டுமெனின் 'இ-வே பில்' என்னும் மின்வழிச் சீட்டு வேண்டும். இணையம் நின்ற நேரத்தில், ஏற்றிய சரக்கோடு லாரி வாயிலில் காத்துக் கிடக்கும். தணிக்கையாளர் அலுவலகத்தை எண்ணுவோம். மாதந்தோறும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய 20-ஆம் நாள் கெடுவாகும். அந்நாளில் இணைப்பு அறுந்தால் அவரை நம்பிய வணிகர் பலரும் தாமதக் கட்டணம் செலுத்த நேரும்.

நம் சமுதாய நிறுவனங்களின் நிலையும் வேறன்று. ஹஜ் விண்ணப்பம் இணையத்தில்; கல்வி உதவித்தொகை விண்ணப்பம் இணையத்தில்; பொறியியல் கலந்தாய்வும் 2018 முதல் இணையத்தில். வக்ஃபு சொத்துகளின் விவரங்களைப் பதிவேற்றுவதற்கென 2025 ஜூன் 6 அன்று தொடங்கப்பெற்ற 'உமீத்' தளம் ஆறு மாதக் கெடுவுடன் வந்தபோது, முத்தவல்லிகளுக்கும் இணையம் இன்றியமையாததாயிற்று. கெடு நாளின் மாலையில் சான்றிதழ்களைக் கையில் ஏந்தி ஓர் ஏழை மாணவி ஜமாஅத் அலுவலகத்தின் படியேறி வருகிறாள் என்று கொள்வோம். அந்நேரத்தில் 'நெட் இல்லை, நாளை வாம்மா' என்று கூறுவது, ஓராண்டு உதவித்தொகையை இழந்துவிடு என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

பல வழிகளோடு பிறந்த வலை

இணையம் பிறக்கும்போதே பல வழிகளோடு பிறந்தது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் என்னும் அறிஞர், தாக்குதலுக்கு உள்ளானாலும் அழியாத செய்தித் தொடர்பை எவ்வாறு அமைப்பது என ஆராய்ந்து, 1964-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். எல்லாக் கம்பிகளும் ஒரு நடுவிடத்தில் வந்து கூடினால், அந்நடுவிடம் அழிந்தவுடன் அனைத்தும் அழியும். மீன்வலைபோல் ஒவ்வொரு முடிச்சும் அண்டை முடிச்சுகள் பலவற்றோடு பிணைந்திருந்தால், சில இழைகள் அறுந்தாலும் செய்தி வேறு வழியாகச் சென்று சேரும். இதுவே அவர் கண்ட உண்மை. செய்தியைச் சிறுசிறு பொட்டலங்களாகப் பகுத்து அனுப்பும் முறை இவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது. 1969-இல் இயங்கத் தொடங்கிய அர்ப்பாநெட் அம்முறையில் அமைந்தது. இன்றைய இணையம் அதன் வழித்தோன்றலேயாகும்.

உலக அளவில் இவ்வமைப்பின் பயனை நாம் கண்டிருக்கிறோம். 2008 ஜனவரி 30 அன்று எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிவடங்கள் இரண்டு அறுபட்டன. இந்தியாவின் மேற்குத் திசை இணையப் போக்குவரத்து பெரிதும் தடுமாறிற்று. எனினும் இணையம் முற்றிலும் அணைந்துவிடவில்லை. போக்குவரத்தின் ஒரு பகுதி கிழக்குத் திசைக்குத் திருப்பப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதலே கடலடி வடம் உண்டு. ஒரே வடத்தை நம்பியிருந்த தீவு நாடான டோங்காவின் கதையோ வேறு. 2022 ஜனவரி 15 அன்று கடலடி எரிமலை வெடித்து அவ்வடம் அறுந்தபோது, அதனைச் செப்பனிட ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை செயற்கைக்கோள் வழியாகக் கிடைத்த சிறிதளவு இணைப்பைக் கொண்டே அந்நாட்டு மக்கள் உலகோடு பேச வேண்டியிருந்தது.

கடலைக் கடக்கப் பல வழிகள் உள்ளன. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து நம் தெருவுக்குள் திரும்பி, மின்கம்பத்தில் தொங்கி, சன்னல் ஓட்டை வழியாக அலுவலகத்துக்குள் நுழையும் கண்ணாடியிழை எத்தனை? பெரும்பாலும் ஒன்றே. சிற்றலுவலகம் ஒவ்வொன்றும் ஒரு சிறிய டோங்காவாகவே இருக்கிறது.

வர்தா கற்பித்த பாடம்

இவ்வோர் இழை அறுவதற்குப் பெரும்புயல் வேண்டியதில்லை. சாலையோரம் தோண்டும் ஜே.சி.பி. எந்திரம் போதும், உயரமாகச் சுமையேற்றிய லாரி போதும், எலியின் பல்லும் முறிந்த வேப்பங்கிளையும் போதும். தோண்டும்போது வடங்கள் அறுபடுவதைத் தடுப்பதற்கென்றே, தோண்டுவோர் முன்கூட்டி அறிவிக்கும் செயலி ஒன்றை நடுவண் அரசு 2023 மார்ச் 22 அன்று அறிமுகப்படுத்திற்று என்றால், இத்தொல்லையின் பரப்பு நன்கு விளங்கும்.

ஆயினும் பெரும்புயலும் நமக்குப் புதிதன்று. 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலும் இவ்வட்டாரத்தார் நினைவில் உள்ளவை. இவற்றுள் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரை கடந்த வர்தா புயலாகும். சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களை அது தாக்கிற்று. செங்கற்பட்டு அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கம்பத்தோடு மின்கம்பியும், மின்கம்பியோடு இணைய இழையும் தரையில் வீழ்ந்தன. பல பகுதிகளில் மின்சாரம் திரும்பச் சில நாட்கள் ஆயின. மின்கலமும் டீசலும் தீர்ந்த கைப்பேசிக் கோபுரங்கள் அடங்கின. கடலடி வடமொன்றும் பழுதுற்றதாகத் தொலைத்தொடர்பு நிறுவனமொன்று அறிவித்தது.

அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், 2016 நவம்பர் 8 அன்று, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. கையில் பணம் இல்லை, அட்டையைத் தேய்க்கலாமெனில் கருவிக்கு இணைப்பு இல்லை, ஏ.டி.எம். செல்லலாமெனில் அங்கு மின்சாரம் இல்லை. மூன்று வழிகள் இருந்தும் மூன்றும் ஒருங்கே அடைபட்டன. வர்தா நமக்குக் கற்பித்த பாடம் இதுவே: வழிகளின் எண்ணிக்கை பெரிதன்று, அவை ஒரே காரணத்தால் ஒருங்கே அடைபடுமா என்பதே பெரிது.

இரண்டு எப்போது இரண்டாகும்?

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஆண்டுக்கு 8760 மணி நேரம். ஓர் இணைப்பு நூற்றில் ஒரு பங்கு நேரம் பழுதுறும் என்று கணக்கிற்காகக் கொண்டால், ஆண்டில் ஏறத்தாழ 88 மணி நேரம் அலுவலகம் முடங்கும். அதே அளவு பழுதுறும் இரண்டாம் இணைப்பு ஒன்றிருந்து, ஒன்றன் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லையெனின், இரண்டும் ஒருங்கே பழுதுறும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. ஆனால் இரண்டு இழைகளும் ஒரே கம்பத்தில் தொங்கினால், அக்கம்பம் சாயும் நாளில் இக்கணக்கும் உடன் சாயும். மாதம் இரண்டு கட்டணம் செலுத்தியும் ஓர் இணைப்பின் காவலே நமக்குக் கிடைக்கும்.

ஆதலின் இரண்டாம் இணைப்பு வாங்குமுன் நான்கு வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும்.

முதல் வினா: நிறுவனம் வேறா? ஒரு நிறுவனத்தின் நடுக்கருவி பழுதானால் அதன் இணைப்புகள் அனைத்தும் நிற்கும்.

இரண்டாம் வினா: பாதை வேறா? பெயர் இரண்டாக இருப்பினும், அவ்வட்டாரக் கேபிள்காரர் ஒருவரே இரு நிறுவனங்களின் இழைகளையும் ஒரே கம்ப வரிசையில் இழுத்து வந்திருக்கக்கூடும். வாசலில் நின்று கம்பி வரும் திசையை அண்ணாந்து பார்த்தாலே இது பெரும்பாலும் புலப்படும். இழை பொருத்த வரும் தொழிலாளரிடம் கேட்டால் மேலும் தெளிவாகும்.

மூன்றாம் வினா: ஊடகம் வேறா? ஒன்று கண்ணாடியிழை வழியாகவும் மற்றொன்று காற்று வழியாகவும் வருமாயின், கம்பம் சாய்ந்தாலும் கோபுரம் நிற்கக்கூடும். எனினும் இந்நாட்டில் ஒரே கோபுரத்தைப் பல கைப்பேசி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வது பெருவழக்கு. ஆகவே சிம் அட்டைகள் இரண்டாயினும் கோபுரம் ஒன்றாக இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

நான்காம் வினா: மின்சாரம் வேறா? மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் எந்த இணைப்பு நிற்கிறது, எது நிற்கவில்லை என்று குறித்து வைத்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். அந்நாளை இடையூறாகக் கருதாமல் சோதனை நாளாகக் கொள்வது அறிவுடைமை.

நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கைப் போல நிறுவனம், பாதை, ஊடகம், மின்சாரம் என்னும் இந்நான்கும் நம் அரணின் உறுப்புகளாகும்.

மாற்றிவிடும் கருவி

இரண்டு இணைப்புகள் அமைந்தபின், ஒன்று நின்றால் மற்றதற்கு மாற்றிவிடும் காவலாளி வேண்டும். அதனைத் 'திசைவி' என்று அழகுத் தமிழில் வழங்கலாம். ஆனால் கடையில் 'ரௌட்டர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவர். இரண்டு இணைப்புகளை ஏற்கும் வாயில்கள் கொண்ட ரௌட்டரைக் கேட்டு வாங்குதல் வேண்டும். சிம் அட்டை செருகும் வசதியும் அதிலேயே அமைந்த வகைகளும் உண்டு. இதில் முதல் இணைப்பு, துணை இணைப்பு என்று வரிசைப்படுத்திவிட்டால், முதலாவது நின்றவுடன் தானே துணைக்கு மாறி, முதலாவது உயிர்பெற்றவுடன் தானே திரும்பும்.

இங்குக் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று ரௌட்டர் எதைக்கொண்டு அறிகிறது என்பது. அலுவலகச் சுவரில் உள்ள கருவிவரை இணைப்பு நன்றாக இருந்து, அதற்கு அப்பால் ஊரில் எங்கோ அறுந்திருக்கலாம். சுவரில் பச்சை விளக்கு எரியும், இணையம் இராது. ஆதலின் தொலைவிலுள்ள முகவரி ஒன்றைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிப் பார்க்குமாறு அதனை அமைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மாறும்போது நம் இணைய முகவரியும் மாறுகிறது என்பது. அதனால் வங்கித் தளமும் அரசுத் தளமும் இடையில் நம்மை வெளியேற்றக்கூடும். மீண்டும் உள்நுழைய வேண்டும் என்பதைப் பணியாளர் முன்னரே அறிந்திருந்தால் பதற்றம் இராது. பணம் செலுத்தும் நேரத்தில் மாற்றம் நிகழ்ந்தால், பணம் சென்றதா என்று கணக்கைப் பார்த்த பின்னரே மறுமுறை செலுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, துணை இணைப்பு பெரும்பாலும் அளவுக்குட்பட்டது என்பது. கண்காணிப்புக் கேமராவின் பதிவேற்றமும் கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பும் அதனை விரைவில் விழுங்கிவிடும். துணை இணைப்பில் ஓடும்போது இவற்றை நிறுத்தி வைத்தல் நலம்.

மின்சாரம் இன்றி இணையம் இல்லை

கண்ணாடியிழைக்குள் ஓடுவது ஒளி. நிறுவன நிலையத்திலிருந்து வரும் ஒளியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் இடைநிலைப் பகுப்பிகளுக்குப் பொதுவாக மின்சாரமே தேவையில்லை. ஆதலின் தெருவில் மின்சாரம் நின்றாலும் இழையில் ஒளி வந்துகொண்டிருக்கக்கூடும். நம் சுவரிலுள்ள ஒளிக்கருவியும் ரௌட்டரும் அணைந்திருப்பதே பலமுறை தடைக்குக் காரணமாகிறது.

இவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 வாட் மின்சாரம் போதும் என்று கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட சிறிய மின்கலத்தில் 84 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இழப்புகளைக் கழித்தாலும் மூன்று மணி நேரம் அவை ஓடும். ரௌட்டருக்கென்றே விற்கப்படும் சிறு யு.பி.எஸ். கருவிகளை வாங்கும்போது இக்கணக்கையே போட்டுப் பார்த்தல் வேண்டும். பெரிய இன்வெர்ட்டர் உள்ள அலுவலகங்களிலோ அதன் ஆற்றலை மின்விசிறிகளும் கணினிகளும் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிடுகின்றன. 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் ரௌட்டரையும் ஒளிக்கருவியையும் மட்டும் ஓடவிட்டால், பாதி ஆற்றல் வீணானாலும் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குத் தாங்கும். நெடுநேர மின்தடையில் எதனை முதலில் அணைப்பது என்பதைத் தீர்மானித்து வைத்தலும் அரண் அமைத்தலின் ஒரு பகுதியே.

யாருக்கு எவ்வளவு வேண்டும்?

'சிறிய அலுவலகத்திற்கு இத்தனை செலவு தகுமா?' என்று பெரியவர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. இதற்கு விடை அலுவலகத்தின் அளவில் இல்லை. அதன் வேலை எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதில் இருக்கிறது. ஒரு நாள் காத்திருந்தாலும் கெடுதியில்லையெனின், தேவைப்படும்போது கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் போதும். ஆனால் அக்கைப்பேசி முதல் இணைப்பின் நிறுவனத்தைச் சேர்ந்ததாக இராமல் இருத்தல் நன்று. ஒரு மணி நேரமே காத்திருக்க இயலுமெனின், இரு வாயில் ரௌட்டரும், வேறு நிறுவனத்தின் சிம் அட்டையும், சிறு யு.பி.எஸ். கருவியும் வேண்டும். சில நிமிடமும் காத்திருக்க இயலாத பணியெனின், வேறு பாதையில் வரும் இரண்டாம் கண்ணாடியிழையும் அதற்கு மேல் சிம் அட்டையும் அமைத்தல் தகும்.

செலவே இல்லாத காவல்களும் உண்டு. படிவத்தின் நகலைக் கணினியிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளுதல் ஒன்று. சான்றிதழ்களை முன்னரே வருடி வைத்தல் மற்றொன்று. கெடு நாள்வரை காத்திராமல் மூன்று நாள் முன்னதாகவே வேலையை முடித்தல் எல்லாவற்றினும் சிறந்தது. கெடு நாளில் நம் இணைப்பு நன்றாக இருந்தாலும், அரசுத் தளம் கூட்ட நெரிசலால் தள்ளாடினால் நம் அரண் எதுவும் உதவாது.

ஒத்திகை இல்லாத காவல்

துணை இணைப்பின் பகைவருள் கொடியது மறதி. பல மாதம் பயன்படாமல் கிடந்த சிம் அட்டையின் ரீசார்ஜ் காலாவதியாகியிருக்கும், மின்கலம் வலுவிழந்திருக்கும், ரௌட்டரின் கடவுச்சொல்லை அறிந்தவர் வேலையை விட்டுச் சென்றிருப்பார். இவையனைத்தும் புயல் வீசும் நாளில்தான் தெரியவரும். ஆதலின் மாதம் ஒருமுறை, வேலை குறைந்த வேளையில், முதல் இணைப்பின் கம்பியை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தல் வேண்டும். எத்தனை நொடியில் துணை இணைப்பு எழுந்தது, வரித் தளமும் வங்கித் தளமும் திறந்தனவா, அச்சுப்பொறி இயங்கிற்றா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அடுத்து, சுவரின் மின்சுவிட்சை அணைத்து, யு.பி.எஸ். தாங்கும் நேரத்தையும் அளத்தல் வேண்டும்.

எந்தக் கம்பி எங்குச் செல்கிறது, பழுதானால் யாரை அழைப்பது, வாடிக்கையாளர் எண் யாது என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தலும் நன்று. ஒருவருக்கு மட்டும் தெரிந்த அரண், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அரண் ஆகாது.

நிறைவுரை

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவன் பார்த்துக்கொள்வான் என்றிருப்பது தவக்குல் ஆகாது. கட்டிவைத்த பின்னரே அவனிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அலுவலகத்தின் இணைப்பும் நம் பொறுப்பில் விடப்பட்ட ஓர் அமானிதமே. லாரி ஓட்டுநரின் ஒரு நாள் கூலியும், சிறு வணிகரின் வரிக் கணக்கும், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவியின் உதவித்தொகையும் அவ்விணைப்பைச் சார்ந்தே நிற்கின்றன.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். செங்கற்பட்டு மாவட்டத்தின் ஏரிகளை அது நிரப்புவது நமக்கு வாழ்வு. அதனோடு புயலும் வரக்கூடும் என்பதை அறிந்தே, ஏரி வெட்டிய நம் முன்னோர் பாசனத்திற்கு மதகும், மிகைநீர் வெளியேறக் கலங்கலும் எனத் தனித்தனி வழிகளை வைத்தனர். கலங்கலை அவர்கள் வெள்ளம் வந்த பின்னர்க் கட்டவில்லை. நம் கல்லூரியின் மாணவர்கள் தத்தம் ஊரின் பள்ளிவாசல் அலுவலகத்திலும், தந்தையரின் கடையிலும், அண்டை அயலாரின் சேவை மையத்திலும் மேற்கூறிய நான்கு வினாக்களையும் எழுப்பி, மழைக்கு முன்னர் ஒருமுறை கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பார்களாயின், அது அவர்கள் சமுதாயத்திற்குச் செய்யும் சிறந்த தொண்டாக அமையும். அதற்கு வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக.